வீட்டு ரூட்டரில் பப்ளிக் ஐபி, பிரைவேட் ஐபி: மூன்று எண்களில் முழுமையான வழிகாட்டி

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் அதில் மூன்று எண்களை எழுதப் போகிறீர்கள். மூன்றுமே ஐபி முகவரிகள், அதாவது நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்கள். முதலாவது, உங்கள் போனோ கணினியோ வீட்டுக்குள் வைத்திருக்கும் எண். இரண்டாவது, ரூட்டரின் வெளிப்பக்கம் பெற்றிருக்கும் எண். மூன்றாவது, இணையத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு உங்கள் வீடு எந்த எண்ணாகத் தெரிகிறதோ அது.

வெளியிலிருந்து வீட்டுக் கேமரா திறக்கவில்லை, ஆன்லைன் கேமில் நண்பரோடு சேர முடியவில்லை, பிரிண்டர் நாலு நாளைக்கு ஒருமுறை காணாமல் போகிறது, ஆபீஸ் விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) இணைந்துவிட்டதாகச் சொல்கிறது ஆனால் ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. இந்த மாதிரித் தொல்லைகள் பெரும்பாலும் அந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். நெட்வொர்க் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணைப் பார்த்தவுடன் அது எந்த வகை என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஏன் இரண்டு வகை முகவரி வந்தது?

நாம் இன்றும் அதிகம் பயன்படுத்தும் ஐபி பதிப்பு 4, 1981இல் வரையறுக்கப்பட்டது. அதில் ஒரு முகவரி என்பது 32 பிட். அதைத்தான் புள்ளி வைத்து நான்கு எண்களாக எழுதுகிறோம். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். கணக்குப் போட்டால் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள். அன்றைக்கு அது அள்ள அள்ளக் குறையாத எண்ணிக்கையாகத் தெரிந்திருக்கும். இன்றைக்கு ஒரே வீட்டில் நாலு போன், இரண்டு லேப்டாப், டிவி, பிரிண்டர், கேமரா என்று பத்துக் கருவிகள் இருக்கின்றன.

தட்டுப்பாடு வரப்போகிறது என்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குக் கண்டுபிடித்த வழி எளிமையானது. சில எண் தொகுதிகளை 'இவை யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் தங்கள் வளாகத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் பொது இணையத்தில் இவை செல்லாது' என்று ஒதுக்கினார்கள். 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம்தான் இன்றுவரை இதற்கு அடிப்படை. உங்கள் ரூட்டரில் இருக்கும் 192.168 என்ற எண் அங்கிருந்து வருவதுதான்.

ஆக, பிரைவேட் ஐபி என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். உங்கள் வீட்டில் 192.168.1.5 இருக்கலாம், எதிர்வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம், ஒன்றுக்கொன்று மோதாது. பப்ளிக் ஐபி அப்படியில்லை. இணையம் முழுவதிலும் ஒரு நேரத்தில் அந்த எண் ஒரு இடத்தைத்தான் குறிக்கும். இந்தப் பொது எண்களின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தே போனது. கடைசி ஐந்து தொகுதிகளை உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தத் தட்டுப்பாட்டின் விளைவை இன்று உங்கள் ரூட்டரிலேயே பார்க்க முடியும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

எண்ணைப் பார்த்ததும் வகையைச் சொல்வது எப்படி?

இதை மட்டும் மனப்பாடமே செய்துகொள்ளலாம். பிரைவேட் தொகுதிகள் மூன்றே மூன்று:

- 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை. அதாவது 10 என்று தொடங்கும் எல்லாமே.
- 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை.
- 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை.

இதில் நடுவில் இருப்பதுதான் ஆளை ஏமாற்றும். 172 என்று தொடங்கினாலே பிரைவேட் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. இரண்டாவது எண் 16 முதல் 31 வரை இருந்தால்தான் பிரைவேட். 172.15.4.4 பொது எண், 172.32.4.4உம் பொது எண். அதேபோல 192.169 என்று தொடங்குவது பிரைவேட் அல்ல. 192க்குப் பிறகு 168 இருந்தே ஆக வேண்டும்.

இவை தவிர இன்னும் மூன்று சிறப்பு எண்கள் உங்கள் கண்ணில் படும். 127.0.0.1 என்பது கருவி தன்னைத்தானே குறித்துக்கொள்ளும் எண். 169.254 என்று தொடங்குவது, ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது கருவி தானாகவே எடுத்துக்கொள்வது. இதைப் பார்த்தால் ஏதோ இணைப்புக் கோளாறு என்று பொருள். மூன்றாவது தொகுதி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை. இது 2012இல் இணையச் சேவை நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பார்ப்பதற்குப் பொது எண் போலவே இருக்கும், ஆனால் இல்லை. இந்தக் கடைசித் தொகுதியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதன் கதை தனியாக வருகிறது.

படி 1: உங்கள் கருவியின் எண்

வைஃபை இணைப்பில் இருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், விபிஎன் ஏதாவது ஓடினால் அதையும் நிறுத்துங்கள். மூன்று எண்களையும் ஒரே நிலையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய் வைஃபையைத் திறந்து, இப்போது இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரையோ அதன் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தையோ தொடுங்கள். கீழே ஐபி முகவரி இருக்கும். ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் இருக்கும் 'ஐ' குறியைத் தொட வேண்டும். மேக் கணினியில் சிஸ்டம் செட்டிங்ஸுக்குள் நெட்வொர்க், வைஃபை, டீடெய்ல்ஸ் என்று போனால் கிடைக்கும். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளில் வைஃபையின் பண்புகளைத் திறந்தால் போதும். கமாண்ட் பிராம்ப்ட் பழக்கமுள்ளவர்கள் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்தால் ஒரே பார்வையில் எல்லாம் வந்துவிடும்.

அங்கே முகவரியோடு இன்னும் இரண்டு விவரங்கள் இருக்கும். சப்நெட் மாஸ்க் என்ற இடத்தில் பெரும்பாலான வீடுகளில் 255.255.255.0 என்று இருக்கும். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்கும் கருவிகள் எல்லாம் ஒரே வீட்டைச் சேர்ந்தவை என்பது அதன் பொருள். கடைசி எண்ணை மட்டும் மாற்றி 254 கருவிகள் வரை வைக்கலாம். 0 அந்த நெட்வொர்க்கையே குறிக்கிறது, 255 எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கு. அடுத்தது டிஃபால்ட் கேட்வே. போனில் அது சில சமயம் ரூட்டர் என்றே போட்டிருக்கும். வெளியே போக வேண்டிய எதையும் உங்கள் கருவி இந்த முகவரியிடம்தான் ஒப்படைக்கும். அது ரூட்டரின் உள்பக்க முகவரி, வழக்கமாக 192.168.1.1 அல்லது 192.168.0.1.

தாளில் முதல் எண்ணையும், அதன் பக்கத்திலேயே கேட்வே எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணை உங்கள் கருவிக்கு யார் கொடுத்தது? ரூட்டருக்குள் இருக்கும் டிஹெச்சிபி என்ற சேவை. போன் வைஃபையில் சேர்ந்ததும் 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிடும். ரூட்டர் தன்னிடம் காலியாக இருக்கும் ஒன்றை ஒரு கால அளவுக்கு வாடகைக்குக் கொடுப்பது போலக் கொடுக்கும். வாடகைக் காலம் பாதி கடந்ததும் போன் மறுபடி கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். நீண்ட நேரம் அணைந்து கிடந்த கருவிக்கு மட்டும் திரும்பி வரும்போது எண் மாறிப்போக வாய்ப்பு உண்டு. பிரிண்டர் காணாமல் போகும் தொல்லைக்கு இதுதான் வழக்கமான காரணம். அதைச் சரி செய்வதைப் பின்னால் பார்ப்போம்.

படி 2: ரூட்டரின் வெளிப்பக்க எண்

ரூட்டர் ஒரே பெட்டி என்றாலும் அதற்கு இரண்டு பக்கம். வீட்டைப் பார்த்திருப்பது லேன் பக்கம், இணையத்தைப் பார்த்திருப்பது வேன் பக்கம். வேன் என்பதை ரூட்டர் பக்கத்தில் டபிள்யூஏஎன் என்று மூன்று எழுத்தாகப் போட்டிருப்பார்கள்; சிலவற்றில் வெறுமனே இன்டர்நெட் என்று இருக்கும்.

பிரவுசரின் முகவரிப் பட்டையில் நீங்கள் எழுதி வைத்த கேட்வே எண்ணைத் தட்டுங்கள். தேடல் முடிவுகள் வந்தால், எண்ணுக்கு முன்னால் ஹெச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள். இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் முகவரிக்குச் சான்றிதழ் இருக்காது என்பதால் வருவது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அது எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லாக இருந்தால் உள்ளே போன கையோடு மாற்றிவிடுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு.

உள்ளே ஸ்டேட்டஸ், இன்டர்நெட், டபிள்யூஏஎன் என்ற பெயர்களில் ஒரு பக்கம் இருக்கும். அதில் தெரியும் ஐபி முகவரிதான் நமக்கு வேண்டிய இரண்டாவது எண். ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தால் 'கனெக்டட்' என்று இருக்கும் வரியை எடுங்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: வெளியுலகம் பார்க்கும் எண்

இது எளிது. தேடுபொறியில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் உங்கள் பொது எண்ணைக் காட்டும் தளங்கள் வரிசையாக வரும். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். சில தளங்கள் எழுத்தும் எண்ணும் கலந்த, முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நீளமான முகவரியைக் காட்டும். அது ஐபி பதிப்பு 6. நமக்கு இப்போது வேண்டியது நான்கு எண் கொண்ட பதிப்பு 4. பல தளங்கள் இரண்டையும் தனித்தனியாகவே காட்டுகின்றன.

மூன்று எண்களையும் சேர்த்துப் படிப்பது

இப்போது தாளைப் பாருங்கள். முதல் எண் பிரைவேட்டாக இருக்கும். அதில் ஆச்சரியம் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் என்ன உறவில் இருக்கின்றன என்பதுதான் கேள்வி.

இரண்டும் ஒன்றாகவே இருந்தால் உங்கள் ரூட்டருக்கு உண்மையான பொது முகவரி கிடைத்திருக்கிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வழி திறக்க முடியும்.

இரண்டாவது எண் 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், பெரும்பாலும் உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் உட்கார்ந்திருக்கிறது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டியே ரூட்டராகவும் வேலை செய்து, அதற்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரூட்டரையும் மாட்டியிருந்தால் இப்படி வரும். இதை இரட்டை நாட் என்பார்கள். நாட் என்றால் என்ன என்பது அடுத்து வருகிறது. வீட்டில் இரண்டாவது பெட்டி எதுவுமே இல்லை, ஆனாலும் 10 என்று தொடங்குகிறது என்றால், கீழே சொல்லப்போகும் பகிர்வு முறையில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இரண்டாவது எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்கள் பொது முகவரியை முன்பின் தெரியாத பல வீடுகளோடு சேர்ந்து பயன்படுத்துகிறீர்கள்.

நாட் உள்ளே என்ன செய்கிறது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நின்று பார்ப்பது நல்லது. இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

உங்கள் போன் 192.168.1.5. ரூட்டரின் பொது எண் 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். 203.0.113 என்று தொடங்கும் தொகுதி எடுத்துக்காட்டு எழுதுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டது, யாருடைய முகவரியும் அல்ல. அதனால் தைரியமாகப் பயன்படுத்துகிறேன். போனில் ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். போன் ஒரு பாக்கெட்டை, அதாவது முகவரி எழுதிய சிறு தகவல் பொட்டலத்தை, அனுப்புகிறது. அதில் அனுப்புநர் 192.168.1.5, போர்ட் 51514 என்று இருக்கிறது. போர்ட் என்பது ஒரே கருவியில் ஓடும் பல உரையாடல்களைப் பிரித்து வைக்கும் எண். 65,535 வரை போகும்.

பாக்கெட் ரூட்டருக்கு வருகிறது. இப்படியே வெளியே விட்டால் பதில் திரும்பி வராது, ஏனென்றால் இணையத்தில் 192.168.1.5 என்று ஒரு இடமே இல்லை. அதனால் ரூட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு 203.0.113.25, போர்ட் 40001 என்று எழுதுகிறது. அதே நொடியில் தன் நினைவில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது: 40001க்கு வரும் பதில், 192.168.1.5இன் 51514க்கு. இதே நேரத்தில் வீட்டிலிருக்கும் லேப்டாப்பும் அதே தளத்தைத் திறந்தால் அதற்கு 40002 என்று இன்னொரு வரி. தளத்தைப் பொறுத்தவரை இரண்டுமே ஒரே முகவரியிலிருந்து வந்தவை. பதில்கள் திரும்பி வரும்போது ரூட்டர் தன் பட்டியலைப் பார்த்து 40001ஐப் போனுக்கும் 40002ஐ லேப்டாப்புக்கும் திருப்பிவிடுகிறது. கொஞ்ச நேரம் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் அந்த வரியை அழித்துவிடும்.

இந்த முகவரி மாற்றும் வேலைக்குத்தான் நாட் என்று பெயர். ஒரு வீட்டில் பத்துக் கருவிகள் ஒரே பொது எண்ணை வைத்துக்கொண்டு ஓடுவது இந்தப் பட்டியலால்தான்.

சரி, யாரும் கேட்காமலேயே வெளியிலிருந்து ஒரு பாக்கெட் 203.0.113.25க்கு வந்தால்? பட்டியலில் அதற்கான வரி இல்லை. யாருக்குக் கொடுப்பது என்று ரூட்டருக்குத் தெரியாது. தூக்கிப் போட்டுவிடும். உள்ளேயிருந்து வெளியே போவது எளிது, வெளியேயிருந்து உள்ளே வருவது கடினம் என்ற நிலை இப்படித்தான் உண்டாகிறது. வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து திறக்க முடியாததும் இதனால்தான், முன்பின் தெரியாத ஒருவர் அதைத் திறக்க முடியாததும் இதனால்தான்.

போர்ட் ஃபார்வர்டிங், அதற்கு முன் ஒரு எச்சரிக்கை

அந்தப் பட்டியலில் நாமே ஒரு நிரந்தர வரியை எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். '8443 என்ற போர்ட்டுக்கு எது வந்தாலும் 192.168.1.20க்குக் கொடு' என்று ரூட்டருக்குச் சொல்லி வைக்கிறோம்.

இதற்கு முதலில் அந்தக் கருவியின் பிரைவேட் எண் மாறாமல் இருக்க வேண்டும். ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் ரிசர்வேஷன் அல்லது ஸ்டாட்டிக் லீஸ் என்று ஒரு வசதி இருக்கும். கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவியின் நெட்வொர்க் வன்பொருளுக்கும் உள்ள அடையாள எண்; மேக் கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை) தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு எண்ணைக் கட்டிப்போட்டுவிடலாம். பிரிண்டர் காணாமல் போகும் தொல்லைக்கும் இதுவே மருந்து. கருவியிலேயே எண்ணைக் கையால் போடுவதைவிட ரூட்டரில் ரிசர்வ் செய்வதே நல்லது என்பேன். எல்லா எண்களும் ஒரே இடத்தில் தெரியும், ஒரே எண் இரண்டு பேருக்குப் போய் மோதாது. போன்களுக்குச் செய்யும்போது மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒன்றாகக் கற்பனை முகவரியைக் காட்டுகின்றன. அது பின்னர் மாறினால் ரிசர்வேஷன் பலிக்காது. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துக்கொள்ளலாம்.

எச்சரிக்கை என்னவென்றால், திறந்துவிட்ட போர்ட் உங்களுக்கு மட்டும் திறந்ததல்ல, உலகத்துக்கே திறந்தது. இணையம் முழுவதும் முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய தளங்களை முடக்கியது. அதனால் கேமரா, கோப்புச் சேமிப்புப் பெட்டி போன்றவற்றை நேரடியாகத் திறந்துவிடாதீர்கள். ரூட்டரிலேயே விபிஎன் சர்வர் வசதி இருந்தால் அதை மட்டும் திறந்து, வெளியிலிருந்து விபிஎன் வழியாக வீட்டுக்குள் வாருங்கள். யூபிஎன்பி என்ற வசதியையும் பாருங்கள். அது இயங்கினால் வீட்டிலிருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமலேயே போர்ட் திறந்துகொள்ளும். கேமுக்குக் கட்டாயம் தேவைப்பட்டால் ஒழிய அணைத்து வைப்பதே என் பழக்கம். வெளியிலிருந்தே ரூட்டர் அமைப்புகளை மாற்ற விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியை யோசிக்காமல் அணைத்துவிடலாம்.

பொது எண்ணே கிடைக்காத வீடுகள்

என் அக்கா வெளியூர் போயிருந்தபோது வீட்டுக் கேமராவைப் போனில் பார்க்க வேண்டும் என்று கேட்டார். 'தம்பி, பத்து நிமிஷ வேலைதானே' என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கேமராவுக்கு எண் ரிசர்வ் செய்தேன், போர்ட் ஃபார்வர்டிங் எழுதினேன், வெளியிலிருந்து திறந்து பார்த்தால் ஒன்றும் வரவில்லை. போர்ட்டை மாற்றினேன், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலைத் தளர்த்தினேன், ரூட்டரை ரீசெட் செய்து முதலிலிருந்து எழுதினேன். மூன்று மாலைகள் போயின. மூன்றாவது மாலை ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் எண்ணைத் தற்செயலாகப் படித்தேன்: 100.72 என்று தொடங்கியது. வெளித்தளம் காட்டிய எண் முற்றிலும் வேறு. ரூட்டரில் நான் எழுதிய ஒவ்வொரு வரியும் சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் அந்த ரூட்டருக்கு இணையத்தில் முகவரியே இல்லை. அன்றிலிருந்து யார் வீட்டு நெட்வொர்க்கைத் தொட்டாலும் மூன்று எண்களை எழுதிய பிறகுதான் மற்ற வேலை.

இதற்குப் பெயர் சிஜிநாட். பொது எண்கள் போதாததால் சேவை நிறுவனம் தன் பக்கத்திலேயே பெரிய அளவில் ஒரு நாட் பெட்டியை வைத்து, ஒரே பொது எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்கிறது. உங்கள் பாக்கெட் இருமுறை முகவரி மாறுகிறது: வீட்டில் ஒரு முறை, நிறுவனத்தில் ஒரு முறை. உங்கள் ரூட்டரில் எழுதும் போர்ட் ஃபார்வர்டிங் வரி, நிறுவனத்தின் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. மொபைல் டேட்டாவிலும் பெரும்பாலும் இதே முறைதான். சாதாரணமாகப் படிக்க, வீடியோ பார்க்க, அழைப்பு பேச இதனால் குறை ஒன்றும் இருக்காது. சில தளங்கள் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று அடிக்கடி கேட்கலாம். அதே எண்ணிலிருந்து வேறு யாரோ செய்த சேட்டைக்கு நீங்களும் சேர்ந்து பதில் சொல்கிறீர்கள்.

வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும் என்றால் வழிகள் உண்டு. சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டு, 'என் வேன் ஐபி 100.72 என்று தொடங்குகிறது, வெளியே தெரியும் எண் வேறாக இருக்கிறது, எனக்குப் பொது ஐபி வேண்டும்' என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். 'நெட் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள், அதற்கு மேல் நகராது. சில நிறுவனங்கள் கேட்டாலே தருகின்றன, சில தனிக் கட்டணம் வாங்குகின்றன. மாறும் பொது எண் கிடைத்தாலும் போதும். டைனமிக் டிஎன்எஸ் வைத்துக்கொண்டால் எண் மாற மாற ஒரு நிலையான பெயர் அதைப் பின்தொடரும். பொது எண் கிடைக்கவே இல்லை என்றால், உள்ளேயிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்தி வைத்துக்கொள்ளும் டன்னல் வகைச் சேவைகள் இருக்கின்றன. நாட் உள்ளேயிருந்து போவதைத் தடுப்பதில்லை அல்லவா, அந்தக் குணத்தைத்தான் அவை பயன்படுத்துகின்றன. அக்காவின் கேமரா கடைசியில் அப்படித்தான் திறந்தது.

ரூட்டர் பக்கத்துக்குள் போகவே முடியவில்லை என்றால் விண்டோஸில் ட்ரேஸர்ட் கட்டளையைப் பயன்படுத்தலாம். ஒரு தளத்துக்குப் போகும் வழியில் பாக்கெட் கடக்கும் பெட்டிகளை அது வரி வரியாகக் காட்டும். முதல் வரி உங்கள் ரூட்டர். இரண்டாவது வரியில் 100.64 முதல் 100.127 வரையிலான எண் வந்தால் சிஜிநாட் என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான், நிறுவனங்கள் தங்கள் உள் கருவிகளுக்கும் இத்தகைய எண்களை வைப்பதுண்டு.

இரட்டை நாட்டை அவிழ்ப்பது

வீட்டிலேயே இரண்டு ரூட்டர் இருந்தால் ஒன்றை மட்டும் ரூட்டராக வைத்துக்கொள்ளுங்கள். சேவை நிறுவனத்தின் பெட்டியை, ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றினால் பொது எண் நேராக உங்கள் ரூட்டருக்கு வரும். அதை மாற்ற அனுமதி இல்லையென்றால் உங்கள் ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போடுங்கள். அது வைஃபை மட்டும் கொடுக்கும், முகவரி கொடுக்கும் வேலை முதல் பெட்டியிடமே இருக்கும். இரண்டு பெட்டிகளுமே 192.168.1 தொகுதியையே உள்பக்கம் வைத்திருந்தால் இணையமே வராமலும் போகலாம். உள்ளும் வெளியும் ஒரே எண்ணாக இருப்பதால் இரண்டாவது ரூட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாது.

ஆபீஸ் விபிஎன் தொல்லையும் இதே ரகம். வீட்டிலும் 192.168.1, ஆபீஸிலும் 192.168.1 என்றால், ஆபீஸில் இருக்கும் 192.168.1.30 சர்வரை உங்கள் லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடும். தீர்வு, வீட்டு ரூட்டரின் லேன் பக்கத்தில் அதன் எண்ணை 192.168.57.1 போல யாரும் அதிகம் வைக்காத ஒன்றுக்கு மாற்றுவது. சேமித்தவுடன் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும்; பழைய முகவரி இல்லாமல் போனதால்தான். வைஃபையை ஒருமுறை துண்டித்து இணைத்து, புது எண்ணில் திறந்து பாருங்கள். அப்புறம், கையால் எண் போட்ட கருவிகள் ஏதாவது இருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிரிண்டர் பழைய தொகுதியிலேயே தனியாக நிற்கும்.

கருவியில் 169.254 எண் வந்தால் முதலில் கேபிளையும் வைஃபை கடவுச்சொல்லையும் பாருங்கள். அடுத்து ரூட்டரில் டிஹெச்சிபி இயங்குகிறதா, கொடுப்பதற்கு எண்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பதிப்பு 6 வந்தால்?

அதன் முகவரி 128 பிட். தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லை, அதனால் ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும், நாட் தேவையில்லை. 2 அல்லது 3 என்று தொடங்குவது பொது முகவரி. எஃப்இ80 என்று தொடங்குவது பக்கத்துக் கருவிகளோடு பேச மட்டும். எஃப்டி என்று தொடங்குவது வளாகத்துக்குள் மட்டும். நாட் இல்லாததால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் வேலை முழுவதும் ரூட்டரின் ஃபயர்வால் மீது விழுகிறது. பதிப்பு 6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள். சிஜிநாட்டில் மாட்டிய வீடுகளுக்கு இது ஒரு நல்ல வாசலும்கூட: பதிப்பு 4இல் வெளியிலிருந்து வர முடியாத கருவிக்குப் பதிப்பு 6 வழியாக வர முடியலாம்.

எந்த எண்ணை வெளியே சொல்லலாம்?

பிரைவேட் எண்ணில் ரகசியம் எதுவும் இல்லை. 192.168.1.5 என்று யாரிடம் சொன்னாலும் அதை வைத்து உங்கள் வீட்டை அடைய முடியாது. பொது எண் வேறு. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் அது எப்படியும் தெரியும். பிரவுசரின் இன்காக்னிட்டோ அதை மறைப்பதில்லை. ஆனாலும் அதிலிருந்து வீட்டு வாசல் தெரியாது. சேவை நிறுவனம் எது, தோராயமாக எந்த வட்டாரம் என்பதுதான் தெரியும், வட்டாரமும் பல நேரம் தவறாகவே வரும். எந்த நேரத்தில் எந்த எண் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்ற பதிவு சேவை நிறுவனத்திடம் இருக்கும்.

யாரிடமாவது உதவி கேட்டு ரூட்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பும்போது லேன் எண்களை அப்படியே விடுங்கள், அவை இல்லாமல் யாராலும் உதவ முடியாது. வேன் எண்ணில் முதல் இரண்டு எண்களை விட்டுவிட்டுக் கடைசி இரண்டை மட்டும் மறையுங்கள், 100.72ஆ 192.168ஆ என்று பார்ப்பவருக்கு அதுவே போதும். மேக் முகவரி, வைஃபை பெயர், சேவை நிறுவனத்தில் நுழையும் பயனர் பெயர் மூன்றையும் முழுதாக மறைத்துவிட்டு அனுப்புங்கள்.